கோபமானியும் சுவர்க் கடிகாரமும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும், கணினி அறிவியல் துறையின் பேராசிரியனும், இயந்திரக் கற்றல் ஆய்வுக்கூடத்தின் தலைவனுமான நான் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். நலம் என்பதை எண்பது சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; மீதி வயிறு சம்பந்தப்பட்டது, காரணம் பின்னால் வருகிறது. அங்கு நீங்களும், அக்காவும், உங்கள் பல் மருத்துவமனையும், அங்கே வந்து பிடுங்கப்படும் பற்களும் சௌக்கியம்தானே? இந்தக் கடிதத்தோடு ஒரு சுவர்க் கடிகாரமும் வருகிறது. சின்ன அன்பளிப்பு. உங்கள் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும். வேறு இடத்தில் மாட்டினால் அவ்வளவு அழகாக இருக்காது.

ஒரே ஊரில் இருந்துகொண்டு ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போன் செய்தால் உங்கள் தங்கைதான் எடுக்கிறாள். நேரில் வரலாமென்றால், வந்தால் பேச வேண்டியிருக்கும். நான் பேசினால் என்ன ஆகும் என்பது அண்மையில் விஞ்ஞானபூர்வமாக நிரூபணமாகிவிட்டது. கடிதத்துக்குக் குரல் கிடையாது. அதனால்தான் எழுதி, என் ஆராய்ச்சி மாணவன் தாடியிடம் கொடுத்தனுப்புகிறேன். பட்டம் வாங்கும்வரை சவரம் செய்வதில்லை என்று ஒரு சபதம் எடுத்தவன் அவன். தாடி இப்போது சட்டையின் மூன்றாவது பொத்தான்வரை வந்துவிட்டது. வாசலில் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வானொலியில் செய்தி வாசிப்பவள். வெள்ளம், தீ விபத்து, தேர்தல் முடிவு, பந்தயத்தில் தோல்வி, எல்லாவற்றுக்கும் ஒரே குரல். வானொலி நிலையத்தார் அதைப் பெரிய கொடை என்கிறார்கள். அவர்களுக்கென்ன, வாசித்து முடித்ததும் நன்றி சொல்லிப் போய்விடுகிறாள். அதே குரலோடு வீட்டுக்கு வருவது என்னிடம் அல்லவா? கல்யாணமான புதிதில் ஒரு காலையில், “உங்க ஈரத் துண்டு கட்டில் மேல கிடக்கு” என்றாள். ஏதோ தகவல் சொல்கிறாள் என்று நினைத்து, “அப்படியா” என்று கேட்டுக்கொண்டேன். அதன்பின் ஒரு வாரம் என்னோடு பேசவில்லையாம். மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாள் நெருங்கிய சமயம். பேசவில்லை என்பதே எனக்குத் தெரியாது. வீடு நல்ல அமைதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு வேலை பார்த்தேன். அமைதியாக இருந்ததற்காக வார இறுதியில் நன்றியும் சொன்னேன். அதற்கு அடுத்த வாரமும் பேசவில்லை.

என் ஆராய்ச்சி வாழ்க்கையை நீங்கள் சரியாக அறிய மாட்டீர்கள். உங்கள் வீட்டு விசேஷங்களில் என்னை “கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவர்” என்று அறிமுகம் செய்வதைக் காதால் கேட்டிருக்கிறேன், போகட்டும். என் முதல் ஆய்வு, எந்த மாணவன் தேர்வில் தோற்பான் என்று முன்கூட்டியே சொல்லும் நிரல். எல்லோரும் தேறுவார்கள் என்றது அது. எங்கள் கல்லூரியில் எல்லோரும் தேறிவிடுவார்கள் என்பது வாசல் காவலாளிக்கும் தெரியும்தான். ஆனால் அவர் அதை வரைபடம் போட்டுச் சொல்லவில்லை, நான் சொன்னேன், இணைப் பேராசிரியர் ஆனேன். அடுத்தது லிப்ட். ஆட்கள் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும்படி எங்கள் கட்டட லிப்டுக்குக் கற்றுக்கொடுத்தேன். அது நன்றாக யோசித்து, நான்காம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றுவிட்டது. எல்லோரும் படியேறிப் போனார்கள். காத்திருப்பவர் யாருமே இல்லை, ஆகவே காத்திருக்கும் நேரம் பூஜ்யம்! அதற்கு விருது கிடைத்தது, பேராசிரியர் ஆனேன். எங்கள் கல்லூரி டீனுக்கு மட்டும் மூட்டுவலி. அன்றிலிருந்து அவருக்கு என்மேல் ஒரு கண்.

இந்த நிலையில்தான் ஒரு டெலிபோன் நிறுவனம் எங்களிடம் வந்தது. புகார் சொல்லக் கூப்பிடும் வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறாரா என்று குரலை வைத்தே கண்டுபிடிக்க வேண்டுமாம். கோபமாக இருந்தால் காத்திருக்கச் சொல்லி இசை போடுவார்களாம். நான் யோசித்தேன். கத்துகிறவனின் கோபத்தைக் கண்டுபிடிக்க இயந்திரம் எதற்கு? ஒரே குரலில் பேசுகிற ஒருத்தியின் கோபத்தைக் கண்டுபிடித்தால் அல்லவா அது விஞ்ஞானம்? உலகத்தில் அதைவிடக் கடினமான குரல் எதுவுமில்லை, அது என் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. மச்சான், நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். அவள் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட கணவன் உங்களுக்குத் தெரிந்து எத்தனை பேர்?

குளிர்சாதனப் பெட்டியின் மேலே, ரொட்டி டப்பாவுக்குப் பின்னால், ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வைத்தேன். இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் இது கோபம், இது கோபமில்லை என்று ஒவ்வொரு பதிவுக்கும் நாம் முதலில் குறித்துக் கொடுக்க வேண்டும். எனக்கே தெரியாததை எப்படிக் குறிப்பது? நேராக அவளையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் காய் நறுக்கும்போது போய், “இப்ப கோவமா இருக்கியா?” என்பேன். “இல்லை” என்பாள். மறுபடி போய், “இப்ப?” என்பேன். “இல்லை.” இந்த ‘இல்லை’யை எப்படிக் குறிப்பது என்று தாடியைக் கேட்டேன். “சார், எங்கக்கா வீட்டுக்காரர் சொல்வார், ஒரு தடவைக்கு மேல கேட்டு இல்லைன்னா, ஆமான்னு அர்த்தமாம்” என்றான். அவனுக்குக் கல்யாணமாகவில்லை, ஆனாலும் ஆதாரம் நம்பத்தக்கதாக இருந்தது. எனவே நான் வீட்டில் இருந்தபோது பதிவானவை எல்லாவற்றுக்கும் ‘கோபம்’ என்று குறித்தேன். நான் கல்லூரிக்குப் போன பிறகு பதிவானவை, அதாவது அவள் உங்களோடு போனில் பேசியது, பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பாடியது, இவற்றுக்கெல்லாம் ‘கோபமில்லை’ என்று குறித்தேன். நான் போன பிறகு அந்த வீட்டில் அவள் கோபப்பட வேறு ஆள் ஏது?

இந்த இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிகிறது. பல் டாக்டருக்குக்கூடப் புரிகிறது. எங்கள் துறையில் ஒருவருக்கும் புரியவில்லை.

இயந்திரம் கற்றுக்கொண்டது. அப்படிக் கற்றது! நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி. கோபம் என்றால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. அந்தப் பெட்டிக்குக் கோபமானி என்று பெயர் வைத்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு மச்சான். முடிவு மோசமாக வந்தால் ஏன் வந்தது என்று மாதக்கணக்கில் தோண்டித் துருவுவோம். முடிவு நன்றாக வந்தால் கேக் வெட்டுவோம். கேக் வெட்டினோம்.

பிறகு கோபமானியை எல்லோருக்கும் செய்துகாட்டும் நாள் வந்தது. டெலிபோன் நிறுவனத்தார் முன்வரிசையில், டீன் நடுவில். கூட்டம் முடிந்தால் சாப்பாடு உண்டு என்று சொல்லி உங்கள் தங்கையையும் அழைத்திருந்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். ஆச்சரியமாகத்தான் இருந்தது. முதல் பதிவைப் போட்டேன். அரங்கம் முழுக்க அவள் குரல், நடுநடுவே என் ‘உம்’: “குழாய் ஒழுகுது ஒழுகுதுன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வத்திப்போச்சு.” சிவப்பு. கைதட்டல். அடுத்தது: “பசிக்குதான்னு கேட்டா எழுபது சதவீதம் பசிக்குதுங்கிறீங்க. எழுபது சதவீதத்துக்கு எப்படிங்க சமைக்கிறது?” சிவப்பு. பலத்த கைதட்டல். மூன்றாவது எது என்று பார்க்காமல் பொத்தானை அழுத்திவிட்டேன். “உங்க டீன் பேச்சை நிறுத்தறதுக்குள்ள நாம வீட்டுக்குப் போய், சமைச்சு, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிடலாம்.” சிவப்பு. கைதட்டல் இல்லை. டீன் முகத்தைப் பார்த்தால் அங்கேயும் ஒரு சிவப்பு.

டீன் எழுந்தார். “பழைய பதிவெல்லாம் போதும். அம்மா இங்கதானே இருக்காங்க? நேர்ல பேசச் சொல்லுங்க, பாப்போம்” என்றார். அவள் மேடைக்கு வந்தாள். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினாள். தொண்டையைக் கனைக்கக்கூட இல்லை. “வணக்கம். தலைப்புச் செய்திகள். பேராசிரியர் ஒருவர் தமது மனைவியின் பேச்சை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்தது தெரியவந்துள்ளது. மனைவி இன்று பிற்பகல் தமது அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டுச் செல்கிறார். இத்துடன் செய்திகள் நிறைவடைகின்றன” என்றாள்.

பச்சை விளக்கு எரிந்தது, மச்சான். பளிச்சென்று பச்சை! நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவள் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். நான் விளக்கைப் பார்த்தேன். “பாத்தீங்களா, துளிகூடக் கோவமில்லை!” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். நான் வாயைத் திறந்ததும் விளக்கு சிவந்தது. வாயை மூடியதும் பச்சையானது. ஒயர் ஏதோ லூஸ் என்று நினைத்தேன். “சரிம்மா, போயிட்டு வா. குடையை எடுத்துக்கோ” என்று கையசைத்தும் அனுப்பினேன். விளக்கு மறுபடி சிவப்பு. அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். குடையை எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் தாடி என் அறைக்கு வந்து, உட்காராமல், தாடியைத் தடவிக்கொண்டே நின்றான்.

“சார், பதிவுல மேடம் குரலை மட்டும் அழிச்சுட்டு ஓட்டிப் பாத்தேன்.”

“என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை சார். அதே தொண்ணூத்தொன்பது.”

“நல்லதுதானே?”

“அப்புறம் உங்க குரலை அழிச்சுட்டுப் பாத்தேன். எல்லாமே பச்சையாயிடுச்சு சார். அது மேடத்தைக் கேக்கவே இல்லை சார். உங்களைத்தான் கேட்டிருக்கு” என்றான்.

டெலிபோன் நிறுவனத்தின் பணத்தில் இத்தனை பாடுபட்டு நான் கண்டுபிடித்தது இதுதான்: நான் பேசினால் அவளுக்குக் கோபம் வரும். இதை அவளையே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்கிறான் தாடி. கேட்டேனே, காய் நறுக்கும்போதெல்லாம் போய்க் கேட்டேனே என்றேன்.

இப்போது வீட்டில் நானும் கோபமானியும்தான். சமையல் நானே. என்னத்தைச் சொல்ல, வயிறு விஷயம் முதலிலேயே எழுதியிருக்கிறேன். காலையில் வானொலியைப் போட்டால் அவள் குரல் வருகிறது. “வணக்கம்” என்கிறாள். ஊர் முழுவதற்கும் சொல்கிற வணக்கம்தான், எனக்கென்று தனியாக இல்லை. இருந்தாலும் அடுப்படியில் நின்றபடி நானும் பதிலுக்கு வணக்கம் சொல்கிறேன். நேற்று வானிலை சொல்லும்போது அவள் குரலில் லேசாக ஒரு கரகரப்பு. ஜலதோஷமா, அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தும் தெரியவில்லையே என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை, மச்சான். இதில் சதவீதம் எதுவும் இல்லை.

ஆகவே உங்களை மிகவும் கேட்டுக்கொள்வது என்னவென்றால், நீங்கள்தான் அவளிடம் பக்குவமாகப் பேசி அனுப்பிவைக்க வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பாள். குழாயைச் சரிசெய்துவிட்டேன். துண்டைக் கொடியில் போடுகிறேன். கோபமானியைக் கட்டிப் பரண் மேல் போட்டாகிவிட்டது. இனி அவள் குரலை எந்தக் கருவியிலும், எந்தக் காரணத்துக்காகவும், ஒரு நொடிகூடப் பதிவு செய்ய மாட்டேன் என்று உங்கள் முன்னிலையில் உறுதி சொல்கிறேன். ஆய்வு வேண்டாம், விருது வேண்டாம், அவள் வந்தால் போதும். இந்த வாரமே அனுப்பிவையுங்கள்.

அக்காவுக்கு என் அன்பான விசாரிப்புகள். உங்கள் குடும்பமும் தொழிலும் பல்லாண்டு தழைத்து, உங்கள் கைபட்ட பற்கள் எல்லாம் வலியில்லாமல் வாழட்டும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவர்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் டெலிபோன் நிறுவனத்தார் பேசினார்கள். என் குரல் கலக்காத பதிவுகள் கிடைத்தால் மறுபடி பரிசீலிக்கிறார்களாம். யோசித்துப் பார்த்தால், நான் இல்லாத இடத்தில் அவள் இப்படித் தொடர்ந்து தங்கியிருப்பது ஓர் ஆராய்ச்சியாளன் வாழ்க்கையில் ஒருமுறை மட்டுமே வரும் வாய்ப்பு. ஆகவே இந்த வாரம் அனுப்ப வேண்டாம்; மாதக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தை மேலே சொன்ன சுவரிலேயே மாட்டவும். அதன் உள்ளே அந்தச் சின்ன ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது, அடியில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். அவளுக்குக் கோபம் வந்தால் சிவப்பையும், சிரித்துப் பேசினால் பச்சையையும் நீங்கள் அழுத்த வேண்டும். கூடப் பிறந்தவர், உங்களுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். அவளிடம் சொல்ல வேண்டாம். மாதம் முழுக்க அந்தச் சிவப்புப் பொத்தானுக்கு வேலையே வராமல் போனால் மட்டும், அதை எனக்கு எழுதாதீர்கள் மச்சான். கடிகாரம் ஓடவில்லை என்று எழுதிவிடுங்கள்.