பேராசிரியர் விட்டுப்போன செடி

2024 நவம்பர் 4, திங்கட்கிழமை காலை. கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் வாசலில், தொட்டியில் இருந்த ஹாலிச் செடியின் இலைகளில் கறுப்புப் புள்ளிகள் இருப்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் சிவப்புக் காயோடு அச்சடிப்பார்களே, விளிம்பெல்லாம் முள்ளாக, அந்தச் செடி. மாடியில் இருந்த வீட்டுக்காரர் பேராசிரியர் பாண்டுரங்கன், மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா கிளம்பும்போது கீழ்வீட்டு மெஹபூப் அலியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்:

"பாய், செடியை நான் விட்டுட்டுப் போற மாதிரியே வெச்சிருங்க. வந்து பார்ப்பேன். அப்படியே இருந்தா அக்ரிமென்ட்டைப் புதுப்பிச்சுடலாம்."

அந்த வாடகைக்குக் கோபாலபுரத்தில் இன்னொரு வீடு கிடையாது. மகள் ரூபீனாவின் பள்ளியோ அடுத்த தெரு.

"இன்னாங்க இது, அம்மை போட்ட மாதிரி கீது?" என்றாள் மனைவி அஃப்சருன்னிசா.

"அழுக்கு. கழுவுனா பூடும்."

ஹோஸ் பைப்பைப் பிடித்துத் தலையோடு குளிப்பாட்டினார். வழிந்த தண்ணீரோடு புள்ளிகளும் கீழ் இலைகளுக்கு இறங்கின.

மைத்துனன் முதஸ்ஸிர் வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னான். உச்சி வெயிலில் அடித்தார். சாயங்காலம் இலைகள் பொரித்த அப்பளமாகச் சுருண்டிருந்தன.

"தண்ணி கலக்கலையா மச்சான்?"

"நீ எங்கடா சொன்னே?"

"எண்ணெய அப்படியே ஊத்துறதுக்கு அது இன்னா பஜ்ஜியா?"

அன்றைக்கென்று பேராசிரியர் போன் செய்தார்.

"இலையில புள்ளி ஏதாவது தெரியுதா பாய்?"

"சேச்சே! ஒண்ணுகூட இல்ல சார்!"

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. நிம்மதிப் பெருமூச்சு என்று எடுத்துக்கொண்டார் மெஹபூப் அலி. ஆனால் பொய் சொல்லிவிட்டதில் சோறு இறங்கவில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் வீடு பார்க்கும்படி புரோக்கரிடம் சொல்லிவைத்தார். தொழுகையில்கூட அந்தச் செடிதான் கண்முன் நின்றது.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இவ்ளோ துடிச்சீங்களா?" என்றாள் அஃப்சருன்னிசா.

"உனக்கு வந்தா வீடு போவாதுடி!"

கடைசியில் அடையாறில் ஒரு நர்சரிக்காரர் வழி சொன்னார். புள்ளி விழுந்த இலையை எல்லாம் கிள்ள வேண்டும். உதிர்ந்ததைப் பொறுக்கி எரிக்க வேண்டும். தண்ணீர் வேரில் மட்டும். தாமிர மருந்தை அளவாகக் கரைத்து அடிக்க வேண்டும். மெஹபூப் அலி கிள்ளி முடித்தபோது செடி கிட்டத்தட்ட மொட்டை. மழை நின்றது. பொங்கல் கழிந்து துளிர் விட்டது. பிப்ரவரியில் இலைகள் எண்ணெய் தேய்த்தாற்போல் மின்னின.

மகள் வர்ஷினியோடு திரும்பிய பேராசிரியர், பெட்டியைக்கூட இறக்காமல் செடியருகே குனிந்தார். ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"ஒண்ணுகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல சார்! உதிர்ந்ததைக்கூட விடல, பொறுக்கி எரிச்சுட்டேன்!"

பேராசிரியர் தொட்டிக்கடியில் உதிர்ந்த இலை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினார்.

"ஏப்ரல்ல வீட்டைக் காலி பண்ணிடுங்க பாய்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டார்.

"பளபளன்னுதானே கீது? நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்?"

வர்ஷினி பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்:

"உலகத்துல யாருமே பார்க்காத புது வகைப் பூஞ்சைன்னு அந்தப் புள்ளியைத்தான், அங்கிள், அப்பா அஞ்சு வருஷமா வளர்த்தார்."