என்ன புல் போடலாம், சொல்லுங்க!

யோசனை கேட்பவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. டீக்கடையில் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளில் மெல்லக் கை வைத்து, இந்த ஜில்லாவிலேயே விஷயம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பது போலக் குரலைத் தாழ்த்தி, "உங்ககிட்டதான் கேக்கணும்னு இருந்தேன்" என்று ஆரம்பிப்பார். நீங்களும் உச்சி குளிர்ந்து, டீயை ஆறவிட்டு, தெரிந்தது தெரியாதது எல்லாவற்றையும் திரட்டி ஒரு யோசனை சொல்வீர்கள். கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே கேட்பார். பிறகு கண்ணைத் திறந்து, "அது சரி… ஆனா…" என்பார். முடிந்தது. உங்கள் யோசனைக்கு அங்கேயே பால் ஊற்றிவிட வேண்டியதுதான்.

இந்த இனத்தில் கலப்பே இல்லாத ஒருவரைப் பார்க்க ஆசையா? ஒரத்தநாட்டுக்குப் போங்கள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற துரைராசு இருக்கிறார். செருப்பு வாங்கப் போனால் கடையில் வந்து நிற்கும் மற்ற வாடிக்கையாளர்களிடம் கருத்துக் கேட்டு, அவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போன பிறகு, வெறுங்காலோடு வீடு திரும்புகிறவர்.

அவர் மகள் வானதிக்குக் கும்பகோணத்தில் மாப்பிள்ளை அமைந்தது. வைகாசியில் நிச்சயதார்த்தம், பெண் வீட்டில். வீட்டை ஒட்டிப் பத்து சென்ட் காலிமனை கிடக்கிறது. ஆவணியில் அங்கே இன்னொரு வீடு எழும்பப் போகிறது. அதுவரை பந்தல் போடத் தோதான இடம். ஆனால் செம்மண். வெயில் காலத்தில் அங்கே ஒருவர் நடந்தால் இன்னொருவருக்குத் தும்மல் வரும். பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலைக் கரையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இங்கயா பந்தலு?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரே ஒரு கேள்விதான். துரைராசுவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"புல்லு போட்டுடுவோம்" என்று மனைவி அகிலாண்டத்திடம் அறிவித்தார். "மூணு மாசம் நின்னாப் போதும். அப்புறம் எப்படியும் கடக்கால் தோண்டப் போறோம்."

நல்ல முடிவு. அதோடு நிறுத்தியிருக்கலாம். என்ன புல் என்று ஒரு கேள்வி மிச்சமிருந்ததே!

தஞ்சாவூர் சாலையில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் பிரபுவிடம்தான் முதலில் போனார். "கொரியன் புல்லு சார்" என்றார் பிரபு. "பாய் மாதிரி சுருட்டி எடுத்தாந்து விரிச்சிடலாம். வந்த அன்னிக்கே பச்சைப் பசேல்னு இருக்கும்."

"அது சரி பிரபு… ஆனா அது வருஷக்கணக்கா வச்சுக்கிறவனுக்கு. நான் ஆவணியில வெட்டி எறியணுமே?"

இரும்புக்கடை அப்துல் மஜீதிடம் போனார். "பிளாஸ்டிக் புல்லு இருக்குல்ல துரை. தண்ணியும் வேணாம், உரமும் வேணாம்."

"அது சரி பாய்… ஆனா இந்த வெயில்ல அது தோசைக்கல்லு ஆயிடுமே. செருப்பக் கழட்டிட்டு வர்ற சனம் என்ன பண்ணும்?"

பக்கத்து வீட்டுக் கலைமகள் டீச்சர் அறுகம்புல் என்றார். வெயிலும் தாங்கும், மங்கலமும் ஆச்சு. "அது சரி டீச்சர்… ஆனா அறுகு ஒரு தடவ வேர் பிடிச்சா விடாதுங்க. புது வீட்டுல அடுப்படி வரைக்கும் வந்து எட்டிப் பாக்கும்."

கவனித்தீர்களா? ஒவ்வோர் 'ஆனா'வும் நியாயமானது. அதுதான் இந்த இனத்தில் உள்ள ஆபத்து. முட்டாள்தனமாகப் பேசினால் நாம் எழுந்து போய்விடலாமே! முடிதிருத்துகிறவர், மருந்துக்கடைக்காரர், தோஹாவில் இருக்கும் சித்தப்பா மகன், தஞ்சாவூர் போகிற பேருந்தின் நடத்துநர் என்று துரைராசு கேட்டுக்கொண்டே போனார். உண்மையில் அவர் தேடியது புல்லை அல்ல. நாளைக்கு அது கருகிப் போனால், சம்பந்தியம்மாளுக்கு முன்னால் "இவர் சொன்னாருன்னுதான் போட்டேன்" என்று கைகாட்ட ஓர் ஆளை. ஆனால் அப்படி நம்பிக் கைகாட்டும் அளவுக்கு ஒருவரும் அவருக்குத் தேறவில்லை. மனையோ அப்படியே சிவப்பாகக் கிடந்தது.

"நெல்லு நட்டிருந்தாக்கூட இந்நேரம் பால் பிடிச்சிருக்கும்" என்றாள் அகிலாண்டம்.

இந்த நிலையில்தான் இடி விழுந்தது. வலங்கைமானில் இருக்கும் தன் அண்ணன் ராஜராஜனை அழைக்க அகிலாண்டம் போன் செய்தாள். பெண்ணுக்குத் தாய்மாமன். அவர் கை படாமல் தட்டு மாற்ற முடியுமா? ராஜராஜன் நிதானமாகப் பேசினார். நிதானமாகப் பேசினாலே அந்த வீட்டில் கோபம் என்று அர்த்தம்.

"பஸ்ஸுல வந்துக்கிட்டு இருந்தேன். கண்டக்டர் கேக்குறாரு, உங்க தங்கச்சி வீட்டுல என்ன புல்லு போடறதா முடிவாச்சுங்கன்னு. எனக்கு ஒண்ணும் தெரியல. முழிச்சேன். கண்டக்டர்கிட்ட கேட்ட மாப்ள, வயலும் வரப்புமா இருக்கிற எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சரி, கேட்டவங்களை எல்லாம் வச்சு நீங்களே நடத்திக்கங்க."

போனை வைத்துவிட்டார்.

அகிலாண்டம் கணவரோடு பேசவில்லை. அவள் பேசாமல் பரிமாறிய குழம்பு துரைராசுவுக்குப் பழக்கமானதுதான். அதைச் சமாளித்துவிட்டிருப்பார். வானதி வந்து எதிரில் உட்கார்ந்தாள். "புல்லு இல்லாம நிச்சயம் நடக்கும்ப்பா" என்றாள். "மாமா இல்லாம எப்படிப்பா?" சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. துரைராசு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எந்தப் பேருந்தில் போகலாம் என்று கூட யாரையும் கேட்கவில்லை.

வலங்கைமானில் ராஜராஜன், "வாங்க மாப்ளே" என்றார். காப்பி வந்தது. மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா என்று பேசினார். மோட்டார் காயில் எரிந்ததைப் பற்றிப் பேசினார். புல்லைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசினார். துரைராசு காத்திருந்து பார்த்துவிட்டு, "மச்சான், உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும்" என்றார்.

"எங்கிட்டயா? எனக்கு என்ன தெரியும்?"

"முன்னாடியே வந்திருக்கணும். தப்புதான். என்ன புல்லு போடலாம், சொல்லுங்க."

ராஜராஜன் மீசையைத் தடவினார். "இனிமே எந்தப் புல்லும் வேர் பிடிக்காது. நாள் இல்ல. மாட்டுத் தீவனத்துக்குக் கம்பு தெளிக்கிறோம்ல? அதையே நல்லா நெருக்கித் தெளிச்சிடுங்க. மோட்டாரப் போட்டு மண்ணை ஈரமா வச்சிருங்க. நிச்சயத்துக்குள்ள பச்சைக் கம்பளம் மாதிரி வந்துடும்."

கம்பா! துரைராசுவின் நெஞ்சுக்குள் 'ஆனா'க்கள் வரிசை கட்டி நின்றன. விதையைப் புறா பொறுக்குமே? தப்பினதை எறும்பு இழுக்குமே? ஊர் ஆடெல்லாம் உள்ளே வருமே? கம்பங்கொல்லையில் நிச்சயம் நடத்தினார்கள் என்று கும்பகோணத்தில் சிரிக்க மாட்டார்களா?

"அது சரி…" என்று ஆரம்பித்தார்.

ராஜராஜனின் புருவம் மேலே ஏறியது.

துரைராசு ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். காப்பியோடு சேர்த்து அத்தனையையும் விழுங்கினார். மனிதர் தம் வாழ்நாளில் செய்த ஒரே வீரச்செயல் அதுதான்.

"அது சரி… சரி மச்சான். கம்பே போட்டுடுவோம்."

ராஜராஜனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசனை சொல்வது வேறு. சொன்னதை ஒருவர் அப்படியே செய்வது வேறு அல்லவா? மறுநாள் காலையிலேயே விதை மூட்டையோடு ஒரத்தநாட்டில் வந்து இறங்கினார். தானே மண்ணைக் கொத்திவிட்டார், தானே தெளித்தார், துண்டைச் சுழற்றிப் புறா விரட்டினார். வலங்கைமானுக்குத் திரும்பவே இல்லை. கொஞ்ச நாளில் இரும்புக்கடை வாசலில் அவர் குரல் கேட்டது: "பாய், உங்ககிட்டதான் கேக்கணும்னு இருந்தேன். கம்புக்கு ரெண்டு வேளை தண்ணி போதுமா?" மஜீது சொன்னதற்கு, "அது சரி… ஆனா…" என்றாராம். துரைராசுவோ வேப்பமர நிழலில் நாற்காலி போட்டுச் சாய்ந்துகொண்டு, "எல்லாம் வந்துடும் மச்சான், கவலப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னார். பழி இடம் மாறிவிட்டால் மனிதனுக்கு எவ்வளவு தெம்பு!

கம்பு வந்தது. நெருக்கமாக, கணுக்கால் உயரத்தில், கண்ணை உறுத்தாத இளம்பச்சை. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர், வேலியருகில் நின்று பார்த்துவிட்டுச் சேலையை மெல்லக் கீழே விட்டார். அகிலாண்டம் அதை மட்டும்தான் கவனித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் மாப்பிள்ளையின் அப்பா விவசாயி. பந்தலுக்குள் நுழைந்ததும் குனிந்து ஒரு தாளைப் பிடுங்கினார். கசக்கி மோந்து பார்த்தார். "கம்புதானே இது?" என்றார்.

வானதி குனிந்த தலை நிமிராமல் மாமாவைப் பார்த்தாள். மாமா துரைராசுவைப் பார்த்தார். துரைராசு, அத்தனை நாள் தேடிய அந்த ஆள் பக்கத்திலேயே நின்றும், கை காட்டவில்லை. "ஆமாங்க" என்றார். "நாங்கதான் போட்டோம்."

சம்பந்தி இன்னொரு தடவை மோந்து பார்த்தார். "பிரமாதமான யோசனை" என்றார். "ஆனா கேழ்வரகு போட்டிருந்தீங்கன்னா காலுக்கு இன்னும் மெத்துன்னு இருந்திருக்கும்."

துரைராசுவுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மகளுக்கு நல்ல இடம்தான் அமைந்திருக்கிறது. தட்டு மாற்றினார்கள். ராஜராஜன்தான் எடுத்துக் கொடுத்தார். பந்தி முடிவதற்குள் முந்நூறு பேர் மிதித்துக் கம்பு கூழாகிப் போனது. யாரும் கவலைப்படவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். நடுவில் எங்கேயோ, "இவ்வளவு கஷ்டம் எதற்கு, அந்தப் புல்லைப் போட்டிருந்தால் போதுமே" என்று உங்களுக்கும் ஒன்று தோன்றியிருக்கும். மறைக்காதீர்கள், உதடு அசைந்ததைப் பார்த்தேன். தவறில்லை, யோசனை நல்லதாகவே இருக்கலாம். வெளியே சொல்வதற்கு முன்னால் ஒன்றே ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். கேட்டவர் அப்படியே செய்துவிட்டால்?