செவ்வாய் பார்க்க ஓர் இருட்டு

இன்னாசித்தம்பியிடம் அந்த ஆவணி மாதம் இரண்டு சபதங்கள் இருந்தன. ஒன்று, பூமிக்கு வெகு கிட்டத்தில் வரப்போகிற செவ்வாய்க் கிரகத்தை, அவர் குடியிருந்த ஜெர்மன் நகரமான வுப்பர்டாலிலேயே ஆக இருட்டான இடத்தில் நின்று பார்ப்பது. மற்றது, என்ன நடந்தாலும் மண்வெட்டி தூக்குவதில்லை. முதலாவது புதிது. இரண்டாவதற்கு மூன்று வயது.

இரண்டாவதற்குக் காரணம் மனைவி டொறத்தி. மலை உச்சியில் ஒரு சங்கம் குத்தகைக்கு விடும் சின்னத் தோட்டங்களில் ஒன்று தனக்கு வேண்டும், அதில் பூசணியும் கீரையும் போடவேண்டும் என்று அவள் ஒவ்வொரு கோடையிலும் கேட்டாள். "எனக்கு நாரி ஏலாது" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்லும் ஒரே வசனத்தால் ஒவ்வொரு கோடையையும் அவர் வென்றார்.

முதலாவதற்குக் காரணம் அவளுடைய தம்பி கொட்வின். துபாயில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் ரெலிபோன் எடுப்பான். அக்காவோடு நெடுநேரம் குசுகுசுத்த பிறகு ரிசீவர் அத்தானிடம் வரும்.

"அத்தான், நேற்றுப் பாலைவனத்துக்குப் போனனாங்கள். சிற்றியில இருந்து ஒரு மணித்தியால ஓட்டம்தான். லைற் ஒண்டும் இல்லை. வானத்தில கால் வைக்க இடமில்லை."

"வானத்தில நீ ஏன்ராப்பா கால் வைக்கிறாய்?"

"அவ்வளவு நட்சத்திரம் எண்டு சொல்லுறன். செவ்வாய் பார்க்க இப்பவே இடம் பிடிச்சு வைச்சிருக்கிறம். உங்களுக்கு அங்க முகில்தானே. பாவம்."

அந்தப் 'பாவம்' காதில் விழுந்து வயிற்றில் போய் நின்றது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அது. ஜெர்மனியில் முகில் மருந்துக்கும் இல்லை. புல் எல்லாம் கருகி நாடே பாலைவனமாகக் கிடந்தது. அந்த வெய்யிலைத் துபாய்க்காரன் ஒருவன் இல்லையென்று சொல்வதா?

மறுநாளே சுப்பர்மார்க்கெற்றில், சலவைத்தூளுக்கும் இறப்பர் செருப்புக்கும் நடுவில் கிடந்த தொலைநோக்கி ஒன்று வீடு வந்து சேர்ந்தது. ஒரு குழாய், மூன்று கால், பிணம் கனம் கனக்கும் ஒரு பெட்டி.

"இருபத்தேழாம் திகதிதான் ஆகக் கிட்ட வருமாம். லீவு கேட்டிட்டன்" என்றார்.

டொறத்தி கலண்டரைப் பார்த்தாள். "செவ்வாய் பார்க்கப் புதன்கிழமை லீவோ?"

இடம் தேடுவதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. அவருக்குத் திருகாணித் தொழிற்சாலையில் பின்னேர வேலை. முடிந்து வீடு வரும்போது ஊர் படுத்துவிடும். ஆகவே இருட்டைக் காலையில் தேடினார். தலையில் தொப்பி, தோளில் பெட்டி. போகிற இடத்தில் மூன்று காலையும் ஊன்றி, சமமாக நிற்கிறதா என்று பார்ப்பார். சுற்றியுள்ள விளக்குக் கம்பங்களை எண்ணுவார். பிறகு கண்ணை இறுக மூடி, இது இரவு என்று நினைத்துக்கொள்வார். வேலை முடிந்து வரும்போதும் அவருடைய கண் தெருவிளக்குகளில்தான். எது பழுது, எது மங்கல் என்று பார்த்துக்கொண்டே வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்.

"காடு எப்பிடி?" என்று கேட்டாள் டொறத்தி.

"நல்ல இருட்டு. ஆனால் மேல மரம்."

"மரத்துக்கு மேல?"

"வானம்."

"அப்ப மரத்தில ஏறுங்கோ."

"நாரி ஏலாது."

அடுத்தது சேமக்காலை. அங்கே விளக்குக் கம்பமே இல்லை. ஆனால் கல்லறைக்குக் கல்லறை சிவப்புக் கண்ணாடிக்குள் மெழுகுதிரி.

"செவ்வாயும் சிவப்பு, இதுகளும் சிவப்பு. எதை எதெண்டு பிரிக்கிறது?"

"மேல நிக்கிறது செவ்வாய். கீழ படுத்திருக்கிறது சனம்."

பிறகு ஒரு குதிரைப் பண்ணை. அங்கே யாராவது அசைந்தால் தானாகப் பற்றுகிற விளக்கு.

"அசையாமல் நில்லுங்கோவன்."

"நான் நிப்பன். குதிரை நிக்குமோ?"

இன்னாசித்தம்பி சோரவில்லை. துபாயைச் சுற்றி வெறும் மணல். அங்கே இருட்டைக் கண்டுபிடிக்க என்ன கெட்டித்தனம் வேண்டும்? வுப்பர்டாலில் கண்டுபிடிப்பவன்தான் ஆண்பிள்ளை. இதை அவர் பெட்டியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தனக்குச் சொல்லிக்கொண்டார். பெட்டி மலை ஏறியது, மலை இறங்கியது.

ஒருநாள் தேத்தண்ணியை வைத்துவிட்டு டொறத்தி கேட்டாள். "தெற்குப் பக்கம் வெளியா இருக்கோணும், என்ன?"

"ஓம். செவ்வாய் தெற்கால தாழ்வாத்தான் வருமாம்."

"தெருவிளக்கு?"

"கூடாது."

"உயர மரம்?"

"கூடவே கூடாது. என்ன நீ, விசா விசாரணை மாதிரிக் கேக்கிறாய்?"

"இல்லை, அப்பிடி ஒரு இடம் கேள்விப்பட்டன். அங்க சட்டமே அப்பிடித்தானாம். நெஞ்சளவுக்கு மேல வேலி வளர்த்தால் சங்கத்தில இருந்து கடிதம் வருமாம்."

மறுநாள் காலை பெட்டியோடு அவள் பின்னால் மலை ஏறினார். படலையில் சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. திரும்பியிருப்பார். ஆனால் தெற்குப் பக்கம் வானம் தடையில்லாமல் அடிவரை இறங்கிக் கிடந்தது. ஒரு விளக்குக் கம்பம் இல்லை. கண்ணை மூடிப் பார்த்தார். அப்பிடி ஒரு இருட்டு. அவருக்குள் இரண்டு சபதங்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

ஒரு இரவு மட்டும் உள்ளே நிற்கலாமா என்று சங்கத் தலைவியிடம் கேட்டார். பொழுதுபட்டால் படலை பூட்டுப்படும், சாவி அங்கத்தவருக்கு மட்டும்தான் என்றாள் அவள்.

அப்போதுதான் இன்னாசித்தம்பியின் மூளை வேலை செய்தது. கையெழுத்து வை. சாவியை வாங்கு. செவ்வாயைப் பார். குளிர் தொடங்கத் தோட்டத்தைத் திருப்பிக் கொடு. மண்வெட்டிக்கு இதில் இடமே இல்லை. தன்னுடைய கெட்டித்தனம் அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"டொறத்தி, உன்ர ஆசைக்காகத்தான்" என்றார் உருக்கமாக.

டொறத்தி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தாள். முகம் தெரியவில்லை.

மூன்றில் ஒரு பங்கில் மரக்கறி இருக்கவேண்டும், யார் கொத்துவது என்று தலைவி கேட்டாள். இன்னாசித்தம்பி முகத்தைச் சுளித்து இடுப்பில் கை வைத்தார். தலைவியின் கண், அவர் தோளில் இருந்த பெட்டிக்குப் போனது.

"இவர் இதை ஒவ்வொரு நாளும் மலைக்கு மலை தூக்கிக்கொண்டு திரியிறவர்" என்று டொறத்தி திருத்தமான டொச் மொழியில் சொன்னாள். தலைவி மெச்சித் தலையாட்டினாள். இடுப்பில் இருந்த கை தானாக இறங்கிவிட்டது.

அவர்களுக்குக் கிடைத்த துண்டில் முட்செடி நெஞ்சளவு நின்றது. மூன்று காலை ஊன்றவாவது கொஞ்சம் வெளியாக்க வேண்டும். சங்கத்துக் கொட்டிலில் மண்வெட்டி இருந்தது. ஒரேயொரு பாய் அகலம், அவ்வளவுதான் என்று அவர் தன் சபதத்திடம் கெஞ்சினார்.

"இந்தப் பக்கமும் கொஞ்சம் கொத்தினால் குழாயைத் திருப்ப வசதி" என்றாள் டொறத்தி.

கொத்தினார்.

"செவ்வாய் கிழக்கால எழும்பி மேற்கால எல்லோ போகும்? மேற்குப் பக்கத்தை விட்டிட்டீங்கள்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கொத்தினார். காலையில் தோட்டம், பின்னேரம் திருகாணி. இருபத்தேழாம் திகதி மத்தியானம் அந்தத் துண்டில் கொத்தாத இடம் ஒரு பூனை படுக்கும் அளவுக்குக்கூட மிஞ்சவில்லை.

அன்று பின்னேரம் சாவியைச் சட்டைப்பையில் போட்டு, பெட்டியைத் தூக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. மூன்று வருசமாகச் சொல்லி வந்த நாரிப் பிடிப்பு கடைசியில் வந்தேவிட்டது.

டொறத்தி தைலம் பூசி சோபாவில் சரித்துவிட்டாள். நன்றாக இருட்டியது. மலை உச்சியில், அவர் கொத்திய மண்ணுக்கு மேலே, செவ்வாய் தனியே போய்க்கொண்டிருக்கும். கொட்வினுக்கு என்ன சொல்வது?

"இஞ்சேருங்கோ," பல்கனியில் இருந்து டொறத்தி கூப்பிட்டாள். "மெல்ல எழும்பி வாங்கோ. செவ்வாய் வந்திட்டுது."

சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார். கொடியில் காய்ந்த துவாயை அவள் ஒதுக்கினாள். எதிர்வீட்டுப் புகைக்கூண்டுக்கு மேலே, கீழே இருந்த தெருவிளக்குகளை ஒரு பொருட்டாகவே எண்ணாமல், சிவப்பாக, கொழுத்து, மினுங்காமல் நின்றது. குழாய்கூடத் தேவையில்லை.

"இது எப்ப துவக்கம் இஞ்ச தெரியுது?"

"ரெண்டு கிழமையா. நீங்கள் வேலையால வருமட்டும் இதைத்தானே பார்த்துக்கொண்டு இருக்கிறனான்."

"ஏன் நீ சொல்லேல்லை?"

"நீங்கள் இருட்டெல்லோ தேடினீங்கள். செவ்வாய் எங்கயெண்டு ஒருநாளும் கேக்கேல்லையே."

அந்த நேரம் உள்ளே ரெலிபோன் அடித்தது. கொட்வினாகத்தான் இருக்கும், இன்றைக்கு அவன் வெள்ளிக்கிழமைவரை பொறுக்கமாட்டான். இதிலாவது முந்திக்கொள்ள வேண்டும். செவ்வாயைப் பார்த்தாயிற்று, எங்கே நின்று பார்த்தது என்பது அவனுக்கு என்னத்துக்கு? நாரியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய் ரிசீவரை எடுத்தார். மூச்சு வாங்கியதில் குரல் வரவில்லை.

"அக்கா," என்றான் கொட்வின், "அத்தான் மண்வெட்டி தூக்கிட்டாரோ, இல்லாட்டி நான் இன்னும் பாலைவனத்துக்குப் போகோணுமோ?"