தலைவரின் தொட்டில்

மச்சினன் வீட்டு வாசற்படியை இந்த ஜென்மத்தில் மிதிப்பதில்லை என்று கண்ணாடிக் கடைக்காரர் சபதம் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. பெரிய சபதங்களை எல்லாம் நாட்டுக்காகவோ மானத்துக்காகவோதான் எடுப்பார்கள். இவர் எடுத்தது ஒரு மூக்குக் கண்ணாடிக்காக.

நடந்தது இதுதான். ஒரு குடும்பக் கல்யாணத்துக்கு மனைவியின் தம்பி புதுக் கண்ணாடியோடு வந்து இறங்கினான். கண்ணாடிக் கடைக்காரர் எப்போதும் ஆளைப் பார்ப்பதற்கு முன் பிரேமைப் பார்ப்பவர். பார்த்தார். தன் கடைச் சரக்கு இல்லை.

"எங்க போட்டே?"

"ஆபீஸ் பக்கத்துல, மாமா. ஒண்ணு வாங்கினா ஒண்ணு சும்மா குடுத்தான்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிவிட்டார். ஊருக்கே கண் கொடுக்கிற கடை அக்கா வீட்டுக்காரரிடம் இருக்கிறது, இந்தப் பையன் சும்மா கொடுத்த கண்ணாடிக்கு மயங்கியிருக்கிறான். அன்று மாலையே வீட்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. அவன் வீட்டுக்கு யாரும் போகக் கூடாது. அவன் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது.

இரண்டாவது சட்டத்தை மனைவி துளிகூடப் பிசகாமல் கடைப்பிடித்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலை. பல்லைப் பிடுங்க வருகிறவர்கள் வாசல் வரை வந்து திரும்பி ஓடப் பார்ப்பார்கள். இவள் துரத்த மாட்டாள். "வலிக்காது, சும்மா உக்காந்து பாருங்க" என்பாள். அடுத்து என்ன நடந்தது என்று அவர்களுக்கே தெரியாது. நாற்காலியில் மல்லாந்திருப்பார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வரும்போது அதே குரலில் கேட்பாள்: "வலிச்சுதாங்க?" இந்தத் திறமை வீட்டில் ஒருநாள் தன் மேல் பாயும் என்று கண்ணாடிக் கடைக்காரருக்குத் தோன்றியதே இல்லை. அவருடைய பற்கள் நன்றாக இருந்தன.

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி மட்டும் எப்படியோ சட்டத்தைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"குழந்தை உக்கார ஆரம்பிச்சிடுச்சாம். நான் இன்னும் பாக்கல."

"போட்டோல பாத்தியே."

"போட்டோவைத் தூக்கி இடுப்புல வெச்சுக்க முடியுமா?"

அவர் ஒரு லென்சை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அவள் அப்புறம் கேட்கவில்லை.

விடுமுறை வந்தது. மகள் வரலாறு படிக்கிற வயது. பெரிய நகரத்துக்குப் போய்க் கோட்டை, நினைவுத்தூண், அருங்காட்சியகம் எல்லாம் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மச்சினன் இருப்பதும் அதே நகரம். மறுத்தால் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். சம்மதித்தால், "இவ்வளவு தூரம் வந்துட்டோம், தம்பி வீட்டை எட்டிப் பாத்துட்டு" என்று ஒரு வாக்கியம் கட்டாயம் வரும். ஒரு ராத்திரி யோசித்து வழி கண்டுபிடித்தார். பயணத் திட்டத்தில் ஓட்டையே இருக்கக் கூடாது. மூச்சு விடுகிற நேரத்திலும் ஏதாவது ஒரு சிலைக்கு முன்னால் நின்றுதான் விட வேண்டும்.

சமையலறை மேஜையில் நகர வரைபடத்தை விரித்தார்.

"முதல் நாள் கோட்டை. அப்படியே அரண்மனை. ரெண்டாம் நாள் காலையில அருங்காட்சியகம், மதியம் போர் நினைவுத்தூண், சாயங்காலம் மணிக்கூண்டு."

"சரிங்க."

"மூணாம் நாள் காலையில பழைய சிறைச்சாலை."

"பாக்க வேண்டிய இடம்தான்."

எதிர்ப்பே இல்லாதது அவருக்குச் சங்கடமாக இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து மனைவியின் விரல் மெல்ல நகர்ந்து வந்து ஒரு இடத்தில் நின்றது.

"மூணாம் நாள் சாயங்காலம் காலியா இருக்கே?"

அவள் ரயில் நிலையத்திலிருந்தோ எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட சுற்றுலாக் கையேடு பக்கத்தில் கிடந்தது. அவசரமாகப் புரட்டினார். அதிர்ஷ்டம், ஒரு பக்கத்தின் முனை மடிந்திருந்தது. கையேடு தானாக அங்கேயே திறந்தது.

"இதோ. தலைவர் நினைவில்லம். ஆறு மணி வரைக்கும் திறந்திருக்குமாம்."

"ஐயோ, அது வேணாங்க. சின்ன வீடு, பாக்க ஒண்ணும் இருக்காது. அந்த நேரத்துல நாம பேசாம..."

"பேசாம?"

"ஒண்ணுமில்ல."

அந்த 'ஒண்ணுமில்ல' ஒன்றே போதும். கண்ணாடிக் கடைக்காரர் நினைவில்லத்தை எழுதி அடிக்கோடு போட்டார். கோடு போட்ட பேனா திருப்தியாக மூடிக்கொண்டது. மனைவி பெருமூச்சு விட்டு டீ போடப் போனாள். முதுகு மட்டும் தெரிந்ததால் அவள் முகம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

நகரத்தில் அவர் ராஜா. ஒவ்வொரு இடத்திலும் தகவல் பலகையை எல்லாருக்கும் முன்னால் ஓடிப்போய்ப் படித்துவிடுவார். பிறகு அதில் இருந்ததைப் பலகையை விட நீளமாகச் சொல்வார். கோட்டை மதில் மேல் நின்று, எதிரி எந்தப் பக்கம் வந்தான், எங்கே ஏமாந்தான் என்று கையை வீசிக் காட்டினார். ரகசிய வழி தெரியாமல்தான் அந்தக் கோட்டை விழுந்தது என்றார். "எதிரி எப்பவும் நேரா வர மாட்டான். நாமே திறந்து வெச்ச கதவு வழியாத்தான் வருவான்."

"எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க" என்றாள் மனைவி.

போர் நினைவுத்தூணில் மட்டும் அவர் பேசவில்லை. கல்லில் வரிசை வரிசையாகப் பெயர்கள். மகள் ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்துக்கொண்டு போனாள். ஒரே வீட்டுப் பெயரில் அண்ணன் தம்பி இருவர் அடுத்தடுத்து இருந்தார்கள். மனைவி அங்கே சற்று அதிக நேரம் நின்றாள். அவர் வரைபடத்தைப் பிரித்து மணிக்கூண்டைத் தேடினார்.

மணிக்கூண்டில் ரசிகர்கள் சேர்ந்தார்கள். தொப்பி போட்ட ஒரு பெரியவரும் அவர் மனைவியும் பின்னாலேயே வந்து காதைத் தீட்டினார்கள்.

"நீங்க வழிகாட்டிங்களா?" என்றார் தொப்பிக்காரர்.

"இல்லைங்க. சும்மா ஒரு ஆர்வம்."

"நாளைக்கு எங்க போறீங்கன்னு சொன்னா நாங்களும் அங்கயே வந்துடுவோம்."

அன்று இரவு விடுதி அறையில் கண்ணாடிக் கடைக்காரர் கால் வலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டே பாடினார். மனைவி வராந்தாவில் நின்று யாருடனோ தாழ்ந்த குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மாலை. நினைவில்லம் ஒரு அமைதியான தெருவில், ஓடு வேய்ந்த பழைய வீடு. முன் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிகள். தலைவரின் பேனா, தலைவரின் கைத்தடி, தலைவரின் மூக்குக் கண்ணாடி. மூன்றாவது பெட்டியின் முன் அவர் குனிந்தார். இப்போது இது தொழில்.

"கிட்டப்பார்வை. இடது கண்ணு ரொம்ப மோசம். பிரேம் மூஞ்சிக்குச் சின்னது, எவனோ தெரியாதவன் போட்டுக் குடுத்திருக்கான். பாவம், ஜெயிலையும் பொறுத்துக்கிட்டாரு, இதையும் பொறுத்துக்கிட்டாரு."

தொப்பிக்காரர் உச்சுக் கொட்டினார்.

"ஏங்க, பின்பக்கமும் இருக்கு போல" என்றாள் மனைவி, போகிற போக்கில்.

முற்றத்தைத் தாண்டி ஒரு கதவு திறந்திருந்தது. கதவோரம் சுவரில் சாய்ந்தபடி மகள் நகர வரைபடத்தை அகல விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வரலாற்று ஆர்வத்தில் அப்பாவுக்குப் பெருமை பொங்கியது. செருப்பைக் கழற்றினார். பக்தியோடு தலையைக் குனிந்து, வலது காலை எடுத்து வைத்து, வாசற்படியைத் தாண்டினார். ரசிகர்கள் பின்தொடர்ந்தார்கள்.

சின்ன அறை. ஒரு கட்டில், கசங்கிய போர்வை. ஆணியில் ஒரு சட்டை. மூலையில் மரத்தொட்டில். அடுப்பு மேல் கெட்டில்.

"பாருங்க" என்று குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி வெச்சதெல்லாம் காட்சிப் பொருள். இதுதான் வாழ்க்கை. அவர் எப்படி விட்டுட்டுப் போனாரோ அப்படியே வெச்சிருக்காங்க. போர்வையைக்கூட மடிக்கல."

"கெட்டில்ல ஆவி வருதே" என்றார் தொப்பிக்காரர்.

"அதெல்லாம் இப்ப ஏற்பாடு பண்றாங்க. பாக்கறவங்களுக்கு ஒரு உணர்வு வரணும் இல்ல? இந்தக் கட்டில்ல படுத்த மனுஷனுக்கு மனசுல பகைன்னு ஒண்ணு கிடையாது. எதிரி வீட்டுக்கே போய் உக்காந்து டீ குடிச்சவர். நாமும் இருக்கோம், சின்ன விஷயத்துக்கெல்லாம் முறைச்சுக்கிட்டு."

இது எந்தப் பலகையிலும் இல்லை. பேச்சு வேகத்தில் தானாக வந்தது. தொப்பிக்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உற்சாகம் தலைக்கேறியது. தொட்டில் விளிம்பில் கையை வைத்தார். "இந்தத் தொட்டில்லதான் தலைவர் கிடந்து வளர்ந்திருக்கணும்."

தொட்டில் அழுதது.

ஒலிப்பதிவு என்று நினைத்தார். "என்ன தத்ரூபம்" என்றுகூடச் சொல்லிவிட்டார். பிறகு ஒரு வாசனை வந்தது. எந்த அருங்காட்சியகமும் அந்த அளவுக்குச் செலவு செய்வதில்லை.

உள் கதவைத் திறந்துகொண்டு, தோளில் துண்டோடு ஒருவன் வந்தான். ஒரு கையால் மூக்குக் கண்ணாடியைப் பிடித்திருந்தான். அதற்கு ஒரு பக்கக் காதுக்கம்பி இல்லை.

"வாங்க மாமா" என்றான் மச்சினன். "வா அக்கா."

கண்ணாடிக் கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அதற்குள் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த இடுப்பு ரொம்ப நாளாக அதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது.

"இவன் இங்க என்ன பண்றான்?"

"இந்த நினைவில்லத்துக்கு அவன்தாங்க பொறுப்பாளர். பின்னாடியே வீடும் குடுத்திருக்காங்க. இதே ஊருக்குள்ள மாத்தலாகி வந்து ஒரு வருஷம் ஆச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"அவன் பேச்சை எடுக்கக் கூடாதுன்னீங்க. நான் எடுக்கல."

கோபமாக வெளியே நடந்துவிடலாம். கால் தயாராகத்தான் இருந்தது. ஆனால் தொப்பிக்காரர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொந்தக்காரங்களா? சொல்லவே இல்லையே. பகை இல்லாத மனசுன்னு நீங்க சொன்னப்பவே நினைச்சேன், இவர் அனுபவிச்சுப் பேசறாருன்னு."

தம்பி மனைவி டீயோடு வந்தாள். கண்ணாடிக் கடைக்காரர் தலைவரின் கட்டிலில் உட்கார்ந்தார். அது தலைவரின் கட்டில் இல்லை என்பது இப்போது தெரியும். என்றாலும் வேறு உட்கார இடம் இல்லை. எதிரி வீட்டு டீ நாக்கைச் சுட்டது. நன்றாகவும் இருந்தது.

அப்போதுதான் அவர் பார்வை அந்த ஒற்றைக் காதுக் கண்ணாடியில் விழுந்தது.

"அது என்ன கோலம்?"

"காலையில எடுத்து மாட்டினேன், காது கையோட வந்துடுச்சு மாமா. ஸ்க்ரூவைக் காணோம்." மச்சினன் தலையைக் குனிந்தான். "உங்க கடையில போட்டிருக்கணும்."

இரண்டு வருடமாக அவர் காத்திருந்த வாக்கியம் அது. தூக்கத்தில்கூட ஒத்திகை பார்த்த வாக்கியம். நெஞ்சு நிமிர்ந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பா வெளியே வந்தது. அதிலிருந்து ஸ்க்ரூவும், அரிசி நீளத்துக்கு ஒரு திருப்புளியும் வந்தன. குளிக்கும்போது தவிர அவற்றை அவர் பிரிந்ததில்லை.

"குடு இப்படி. ஒண்ணு வாங்கினா ஒண்ணு சும்மாவாமில்ல. சும்மா குடுத்தவன் ஸ்க்ரூவைச் சும்மா வெச்சிருக்கான்." திருகினார். வளைத்தார். ஊதினார். தானே மச்சினன் முகத்தில் மாட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தார். "அடுத்த மாசம் கடைக்கு வா. மூஞ்சிக்கு ஏத்ததாப் போட்டுத் தரேன். கொழந்தையையும் கூட்டிட்டு வா."

சபதம் போய்விட்டது. அவருக்கு ஒன்றும் குறைந்த மாதிரி இல்லை. யுத்தத்தில் ஜெயித்தவன் எதிரியின் கோட்டைக்குள் போவதற்குப் பெயர் தோல்வி இல்லையே. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அது எட்டி அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்தது. "பாத்தியா, சின்னவளுக்குத் தெரியுது எது நல்ல பிரேம்னு" என்று கடகடவென்று சிரித்தார். தொப்பிக்காரர் எல்லாரையும் ஒரு படம் எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும்போது மகள் வரைபடத்தை மடித்துவிட்டிருந்தாள். அவள் சாய்ந்திருந்த சுவரில் தடித்த எழுத்தில் ஒரு பலகை: 'பொறுப்பாளர் குடியிருப்பு. உள்ளே வரக் கூடாது.' நாள் முழுக்க அடுத்தவர்களை எழுத்துப் படிக்க வைத்துப் பிழைக்கிறவர் அதை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தார். ஆனாலும் நடையில் மிடுக்குக் குறையவில்லை.

ரயிலில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"நீ தந்திரமா என்னை உள்ள கூட்டிட்டுப் போனே. சரி, அது உன் ஜெயம். ஆனா கடைசியில என்ன ஆச்சு? அவனாவே ஒத்துக்கிட்டான் பாத்தியா? உங்க கடையில போட்டிருக்கணும்னு. அந்த ஸ்க்ரூ சரியான நேரத்துல காலை வாரிச்சு பாரு. மட்டமான சரக்கு மாமியார் வீட்டு ஆளுன்னு பாக்காது."

"ஆமாங்க" என்றாள் மனைவி.

மகள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

மனைவி கைப்பையைத் திறந்து, காகிதத்தில் மடித்த ஏதோ ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பிரித்தார். ஒரு ஸ்க்ரூ. புத்தம் புதுசு மாதிரி மின்னியது. மரை தேயவில்லை. நல்ல சரக்கு என்று தொழில் தெரிந்த கண் உடனே சொன்னது.

"நேத்து ராத்திரி தம்பி பொண்டாட்டிகிட்ட போன்ல சொன்னேன். அவன் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி வை, மத்ததெல்லாம் மாமா பாத்துப்பாருன்னு. அவனுக்கு இது தெரியாது, பாவம். உங்க டப்பால போட்டு வைங்க, யாருக்காவது ஆகும்."

கண்ணாடிக் கடைக்காரர் ஸ்க்ரூவையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் பாதி திறந்தபடி இருந்தது.

மனைவி குனிந்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"வலிச்சுதாங்க?"