நான்கு விரல் உயரம்

மதிப்பிற்குரிய ஜலால் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் ராகிப் சலாம் கூறி எழுதுவது. டாக்காவில் தாங்களும் மாமியும் சுகமாக இருக்க வேண்டும். தங்கள் முழங்கால் வலியின்றி மடங்க வேண்டும். இங்கே யாவரும் நலம். முக்கியமாக, தாங்கள் கட்டிய பாலம் நலம்.

கப்பல் போய்விட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் மூச்சு விடலாம். நானும் இன்று காலைதான் விட்டேன்.

நம் கடற்படைக்கு நம் ஊர்க் கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டிய முதல் ரோந்துக் கப்பல். தளம் ஆற்றின் மேல்பக்கம். கீழே கடல். நடுவில் தங்கள் பாலம். நாட்டு முன்னேற்றத்தின் இரண்டு சாதனைகள், ஒன்றையொன்று விசாரிக்காமல் வளர்ந்தவை. கடல் வற்றத்தில் ஆறு நன்றாக இறங்கிய நேரத்திலும் கப்பலின் கொடிமரம் பாலத்தின் அடிப்பக்கத்தைவிட நான்கு விரல் உயரம்.

கடற்படை அதிகாரி ஷாரியார் சொல்லிவிட்டார்: "இந்த வத்தத்துல கப்பல் கடலுக்கு வரலேன்னா, அடுத்த ரெண்டு கப்பலும் வெளிநாட்டுலதான்."

அந்த இரண்டும் இல்லையென்றால் தளத்துக்குப் பூட்டு. அதன் பொறியாளரான எனக்கும்தான். கொடிமரத்தை வெட்ட முடியாது. உச்சியில் ரேடார், வெளிநாட்டிலிருந்து அப்படியே வந்தது. பாலத்தை வெட்டலாமா என்று ஒருவர் கேட்டார். அவர் முகத்தைத் தங்களுக்காக நினைவில் வைத்திருக்கிறேன்.

"கப்பல் ஒசரம்னா அமுக்குங்க சார்," என்றார் மொத்தலேப் மேஸ்திரி. "ஆளை ஏத்துங்க. நம்ம ஊர்ல ஆளுக்கா பஞ்சம்?"

மணல் மூட்டை என்றேன். புதுப் பெயிண்ட் கீறிவிடும் என்றார் அதிகாரி. ஆகவே ஆட்கள். ரிக்ஷாவில் ஒலிபெருக்கி கட்டி, போர்க்கப்பலில் இலவச சவாரி என்று கூவியதும் படித்துறை நிறைந்தது, மாமா, ஆனால் அங்கேதான் தப்பு நடந்தது, லாஞ்சுகளில் கூட்டம் மிஞ்சினால் அபராதம் போடுகிற ஆய்வாளரையே மைக் பிடிக்கச் சொல்லிவிட்டோம், அவரும் "ஏறுங்க, தாராளமா ஏறுங்க, இன்னும் எடம் இருக்கு"ன்னு கெஞ்சுறார், ஒருத்தர் காலெடுத்து வைக்கணுமே, அத்தனை பேரும் பொரியைக் கொறிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாங்க.

"இந்தாளா ஏறச் சொல்றான்? அப்ப அடியில ஓட்டை இருக்கு."

"ஓட்டை இல்லய்யா, குண்டு வச்சுப் பாக்கப் போறாங்க!"

நீர் ஏறத் தொடங்கும் நேரம் நெருங்கியது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நான் பூட்டைப் பார்த்தேன், மனதுக்குள்.

அப்போது எனக்குக் கிச்சடி கொண்டுவந்த தங்கள் அக்கா, தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அதிகாரியிடம் போனார்.

"தம்பி, நீ பொறந்தது இந்த நாட்டுலதானா? ஏறாதேன்னு சொல்லுப்பா."

அதிகாரி மைக்கைப் பிடுங்கினார். "யாரும் ஏறக் கூடாது! அரசாங்கக் கப்பல்!"

அவ்வளவுதான். ஒரு ஆடு உட்பட ஏறிவிட்டார்கள்.

கப்பல் அமுங்கியது. மெல்ல நகர்ந்தது. பாலத்தின் நிழல் வந்ததும் எல்லோரும் அண்ணாந்தார்கள். "காக்கா கூடு இருக்குப்பா," என்றது ஒரு குரல். கொடிமரத்துக்கும் பாலத்துக்கும் நடுவே ஒரு விரல் அளவு வானம். பிறகு முழு வானம்.

அதிகாரி என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் தொப்பி யாரோ ஓர் அம்மாள் தலையில் இருந்தது. "அடுத்த ரெண்டும் உங்களுக்குத்தான்," என்றார். அதன்பின் எல்லோரும் இறங்க மறுத்தார்கள். அவருக்கு இப்போது வழி தெரிந்துவிட்டது. "யாரும் இறங்கக் கூடாது!" என்றார்.

தங்களுக்கும் பாலத்துக்கும் இறைவன் நீண்ட ஆயுள் தரட்டும். மாமிக்கு என் சலாம்.

அன்புள்ள மருமகன்,
ராகிப்

பின்குறிப்பு: கடலிலிருந்து அதிகாரி இப்போது அழைத்தார். கொடிமரத்தடியில் ஆட்டின் கொம்பு பட்டுப் பெயிண்ட் உரிந்த இடத்தில் ஒரு கீல் தெரிகிறதாம். கொடிமரம் மடங்கும், மாமா. தங்கள் முழங்காலைவிட நன்றாக. வரைபடத்தை எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பார்த்தும் பயனில்லை. அடுத்த கப்பலுக்கு ஊர்க்காரர்கள் இப்போதே துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். முதல் துண்டு தங்கள் அக்காவுடையது.