செஞ்சுடர் வானொலியின் முப்பத்தேழு நேயர்கள்

"முப்பத்தேழு பேரும் உயிரோடை இருக்கினமோ எண்டு கேக்கிறா," என்றார் சவிரிமுத்து, தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு.

"ஆர் முப்பத்தேழு பேர்?" பாரிஸின் லா சப்பலில் சலூன் வைத்திருக்கும் றெமிஜியஸ் கத்தரிக்கோலை நிறுத்தினான்.

"செஞ்சுடர் வானொலி நேயர் மன்றம், மன்னார்க் கிளை. நான்தான் தலைவர்."

"மற்ற முப்பத்தாறு பேர்?"

"அதுவும் நான்தான்டா."

செஞ்சுடர், இப்போது வரைபடத்திலேயே இல்லாத ஒரு சோசலிச நாட்டின் அரசு வானொலி. எண்பதுகளில் அதற்குத் தினமும் அரைமணி நேரத் தமிழ் ஒலிபரப்பு இருந்தது. கடிதம் எழுதுகிறவர்களுக்கு நாட்காட்டி அனுப்பும். முப்பது பேருக்கு மேல் உள்ள மன்றத்தின் தலைவருக்குச் சான்றிதழே அனுப்பும். சவிரிமுத்து முப்பத்தேழு பெயர்களில், இடக்கையாலும் வலக்கையாலும், நான்கு நிற மையிலும் எழுதி அதை வாங்கினார். அதைக் காட்டித்தான் அற்புதமலரைப் பெண் கேட்டார். காட்டுவதற்கு அவரிடம் வேறெதுவும் இருக்கவில்லை.

பாரிஸுக்கு வந்து முப்பது வருடம் உணவகங்களில் வெங்காயம் வெட்டியாயிற்று. அற்புதமலருக்கு மட்டும் அவர் இன்னமும் மன்றத் தலைவர்தான்.

இப்போது ஷார்லோத் என்ற பிரெஞ்சுப் பெண் அந்த வானொலியின் வரலாற்றை எழுதுகிறாள். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள். காப்பகத்தில் கடிதங்களைக் கண்டெடுத்துவிட்டு, சனிக்கிழமை வீட்டுக்கு வரலாமா என்று தொலைபேசியில் கேட்கிறாள்.

"பாதிப் பேர் செத்திட்டினம் எண்டு சொல்லுங்கோ அண்ணை. பிரச்சினை பாதியாகும்," என்றான் றெமிஜியஸ்.

சவிரிமுத்து சொன்னார். ஒற்றை எண் அங்கத்தவர்கள் எல்லோரும் ஒரே நொடியில் இறந்தார்கள். ஒன்றாம் எண் அவரே என்பதால் அவர் மட்டும் தப்பினார்.

மறுமுனையில் ஷார்லோத் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தாள். புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுப் பக்கம் போடுவாளாம். பெயர்களை உடனே எழுதி அனுப்ப வேண்டுமாம்.

எழுதிய தாளை அற்புதமலர் பார்த்துவிட்டார்.

"பதினெட்டுப் பேரப்பா! எனக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களே? பங்குச் சுவாமியிட்டைப் பூசைக்கு எழுதிக் குடுத்திட்டன். ஞாயிற்றுக்கிழமை எல்லாற்றை பேரும் வாசிப்பார்."

"ஐயோ, அதுக்குள்ளை என்ன அவசரம்?"

"செத்த சனத்துக்கு இவ்வளவு காலமாய் ஒரு பூசை இல்லை. அவசரமாம் அவசரம்!"

இனி உயிரோடு இரண்டு பேரையாவது காட்டியே ஆகவேண்டும். றெமிஜியஸும் மரக்கறிக் கடைத் தவரத்தினமும் அங்கத்தவர்களாக நடிக்கத் தலையாட்டினார்கள். இருவரும் மன்னாரைக் கண்ணாலும் கண்டதில்லை. நல்லவேளையாக, அற்புதமலரும் இவர்களைக் கண்டதில்லை.

சனிக்கிழமை, மார்க்ஸ் டோர்மோயில் உள்ள அவர்களது வீட்டுக்கு ஷார்லோத் வந்தாள். கூடவே வயதான ஓர் அம்மாளையும் கூட்டி வந்திருந்தாள்.

"இவர் மதாம் ஜிஸ்லேன். பாண்டிச்சேரிக்காரர். அந்த வானொலியில் பணியாற்றியவர்."

சவிரிமுத்து அவசரமாகப் பொரித்த ரோல்ஸ் தட்டை அவர்முன் நகர்த்தினார். மதாம் ஜிஸ்லேன் சாப்பிடத் தொடங்கினார்.

"நீங்கள் எத்தனையாவது அங்கத்தவர், ஐயா?" ஷார்லோத் றெமிஜியஸிடம் கேட்டாள்.

"ஒன்பது. யேசுராசா."

அற்புதமலர் தட்டோடு நின்றுவிட்டார். "ஒன்பது யேசுராசா செத்துப்போனாரல்லோ? நாளைக்குப் பூசை!"

"அது... என்ரை தமையன்."

"அவருக்கும் ஒன்பதோ?"

"அவர் செத்தாப் பிறகு இலக்கம் எனக்கு வந்தது அக்கா."

"பேரும் வந்ததோ?"

நிலைமையைச் சரிசெய்யத் தவரத்தினம் குறுக்கே விழுந்தான். "இலக்கத்தை விடுங்கோ. நிகழ்ச்சியள் என்ன மாதிரி! கிரிக்கெட் வர்ணனை ஒண்டும் நான் தவறவிட்டதில்லை."

ஷார்லோத்தின் பேனா நின்றது. "அந்த நாட்டில் கிரிக்கெட் விளையாடுவதில்லையே?"

சவிரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். மூடியும் பயனில்லை. ஷார்லோத் பையிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து வாசித்தாள்.

"இது தலைவர் ஐயா எழுதியது. 'உழவு இயந்திர நாடகம் மிகத் தெளிவாகக் கேட்டது. மன்றமே அழுதது.' இந்த நாடகத்தின் ஒலிப்பதிவு எங்கும் கிடைக்கவில்லை, ஐயா. கதையைச் சொல்வீர்களா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அற்புதமலர் பெருமையோடு பார்த்தார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியாது பிள்ளை!" என்று கத்தினார். "மூண்டு வருசம் எழுதினன், ஒரு சொல்லும் கேக்கேல்லை! றேடியோவைப் போட்டால் உஸ் எண்ட சத்தம் மட்டும்தான். நிகழ்ச்சி நிரலைத் தபாலிலை அனுப்புவினம். அதைப் பாத்துப் பாத்து எழுதினன். மன்றமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. முப்பத்தேழு பேரும் நான்தான். இவன் சலூன்காரன், அவன் கத்தரிக்காய் விக்கிறவன்!"

"கடையிலை வெண்டிக்காயும் இருக்கு," என்று தவரத்தினம் முணுமுணுத்தான்.

 அற்புதமலர் தட்டை மேசையில் வைத்தார். குளிரங்கியை எடுத்து மாட்டினார்.

"எங்கையப்பா போறாய்?"

"செவ்ரானுக்கு. மகளிட்டை. முதல்லை சுவாமியிட்டைப் போய், இல்லாத பதினெட்டுப் பேரும் சாகேல்லை எண்டு சொல்லவேணும்."

மதாம் ஜிஸ்லேன் கடைசி ரோல்ஸை விழுங்கிவிட்டு விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"உக்காரும்மா, அவரத் திட்டாத," என்றார். "அந்த மூணு வருஷமும் எங்க டிரான்ஸ்மிட்டர் எரிஞ்சுபோய்க் கெடந்துச்சு, தெளிவாக் கேக்குதுன்னு இவரு எழுதுன கடுதாசிங்கள மேலிடத்துல காட்டித்தான் நாங்க பன்னெண்டு பேரும் வேலையில இருந்தோம்."