மாதம் முன்னே, தேதி பின்னே

"இந்த சனிக்கிழமையா, அடுத்த மாசமா? அதை மட்டும் சொல்லிடுங்கோ. ஹம்சினி ஆபீஸ்ல லீவு கேக்கணும்," என்றாள் மனைவி ஜானு.

ஸ்ரீவத்சன் சட்டைப் பையிலிருந்து டிஜிட்டல் டைரியை எடுத்து, நான்கைந்து பொத்தான்களை அழுத்தினான். சிங்கப்பூரிலிருந்து மைத்துனன் வாங்கி வந்து கொடுத்தது. அது கைக்கு வந்த நாளிலிருந்து ஸ்ரீவத்சன் எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

"ஜூன் ஏழு. சனிக்கிழமை. அடையாறு ராமானுஜம் மாமா குடும்பத்தோட பொண்ணு பார்க்க வரார். போட்டிருக்கு பார்."

"நேத்து ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணி ஜூலை ஆறுன்னேளே?"

"அது ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னது."

சொன்ன பிறகுதான் ஸ்ரீவத்சனுக்கு விஷயம் உறைத்தது. ராமானுஜம் போனில் நாள் சொன்னபோது அவன் டைரியில் ஆறு, கோடு, ஏழு என்று தட்டியிருந்தான். மறுநாள் அதையே அப்படியே ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் தட்டினான். டைரிக்கு மாதம் முன்னால், தேதி பின்னால். கம்ப்யூட்டருக்குத் தேதி முன்னால், மாதம் பின்னால். தட்டும்போது தான் எந்த வரிசையில் நினைத்துத் தட்டினோம் என்பதுதான் அவனுக்கு மறந்துவிட்டது.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? போன் பண்ணிக் கேட்டுடுங்கோ அண்ணா," என்றாள் ஹம்சினி, தலையைப் பின்னிக்கொண்டே.

"கேக்கறதா! அந்த மனுஷர் என்ன சொன்னார் தெரியுமா? 'நாள், நேரம் மறக்கறவாளோட நேக்கு ஒத்து வராது'ன்னார். முதல் பேச்சே அதான்."

ஹம்சினி பின்னலை முடிந்துகொண்டு உள்ளே போனாள். இதுவரை வந்த வரன்களின் போட்டோக்களை அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அடையாறு ஷ்ரவணின் போட்டோவை மட்டும் மன்னியிடம் இரண்டாவது முறை கேட்டு வாங்கிப் பார்த்திருந்தாள். அது ஸ்ரீவத்சனுக்கும் தெரியும். அதனால்தான் இந்த வரன் தவறிவிடக் கூடாது என்று அவன் பயந்தான்.

நேராகக் கேட்க முடியாது. சுற்றிவளைத்துக் கேட்கலாம் என்று போனைச் சுழற்றினான்.

"மாமா, மைலாப்பூர் ஸ்ரீவத்சன் பேசறேன். சும்மாத்தான். அன்னிக்குப் பேசினோமே, அதுல மாத்தம் ஒண்ணும் இல்லையே?"

மறுமுனையில் ஒரு கனைப்பு கேட்டது.

"ஏன், நீங்க மாத்தணுமா?"

"ஐயையோ, இல்லை மாமா! சொன்ன நாள்தான்."

"அப்போ எங்களுக்கும் சொன்ன நாள்தான்."

"இல்லே, மாமிக்கு வெயில் ஒத்துக்கணுமேன்னு... அன்னிக்கு வெயில் எப்படி இருக்குமோ?"

"அன்னிக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்!"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

"பார்த்தியா, எவ்வளவு கறார்!" என்று ஸ்ரீவத்சன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

தேனாம்பேட்டை ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஷகீலா, அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"ரெண்டையும் வயர் போட்டு இணைச்சிட்டா ஒரே தேதியா ஆயிடும் சார். அப்புறம் குழப்பமே இல்ல."

"எந்தத் தேதியா ஆகும்?"

"அது தெரியாது. ஆனா ரெண்டுலயும் ஒண்ணா இருக்கும்."

அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது அவனுக்கு. ஷகீலா வயரைச் செருகினாள். திரையில் ஏதேதோ ஓடியது. பக்கத்து மேஜையில் போன் அடிக்கவே, "எதையும் தொடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் திரும்புவதற்குள் திரை ஏதோ கேள்வி கேட்டது. மரியாதைக்கு ஸ்ரீவத்சன் 'எஸ்' கொடுத்தான்.

"எதுக்கு சார் எஸ் கொடுத்தீங்க?"

"கேட்டுதே!"

"இந்த வேலை தினமும் உண்டான்னு கேட்டிருக்கு சார்."

இப்போது இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருந்தது. அன்று தொடங்கி வருஷக் கடைசி வரை, ஒவ்வொரு நாள் சாயங்காலமும் 'பெண் பார்க்க வருகிறார்கள்.'

"பழசு?"

"அது மேலதான் சார் இது எழுதிடுச்சு."

வீடு திரும்பும் பஸ்ஸில் அவனுக்கு அந்த ஆறும் ஏழும்கூடச் சந்தேகமாகிவிட்டது. ஆறு, பதினேழோ? பதினாறு, ஏழோ? இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் தாண்டிப் போனான்.

"வேற வழியே இல்லை. தினமும் தயாரா இருக்கணும்," என்றான் வீட்டில்.

"தினமுமா?" ஜானு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆனா வெளியில தெரியக் கூடாது. தப்பான நாள்ல நாம அலங்காரமா உக்காந்துண்டு இருந்து, அவா காதுக்குப் போச்சுன்னா, நமக்கு நாள் தெரியலைன்னு புரிஞ்சுடும். உள்ளே கல்யாணம், வெளியே சாதாரணம். புரியறதா?"

அப்படியே நடந்தது. வாசலில் பெரிய கோலம் கிடையாது. கதவு சாத்தியே இருக்கும். உள்ளே ஹம்சினி பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக உட்கார்ந்திருப்பாள். அடுப்பில் எண்ணெய் காயும். சாயங்காலமானால் டைரி கீச்சுகீச்சென்று கத்தும். இருட்டிய பிறகு மூவரும் ஆறிப்போன பஜ்ஜியைத் தின்பார்கள்.

ஏழாம் தேதி யாரும் வரவில்லை. ஆனால் அன்று சாயங்காலம், ஜன்னலில் திரை போட்ட ஒரு பழுப்பு அம்பாசடர் கார் தெருவில் ஊர்ந்து வந்தது. அவர்கள் வீட்டெதிரே வேகம் குறைந்தது. பிறகு போய்விட்டது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

"ஜானு, நம்மாத்தை யாரோ வேவு பார்க்கறா! அடையாறுலேர்ந்து ஆள் வெச்சு விசாரிக்கறா. நான் போன்ல உளறினேனே, அதுல சந்தேகம் வந்திருக்கு."

"வெயிலை எதுக்குக் கேட்டேள்?"

"விளக்கை அணை!"

அன்றிலிருந்து கார் சத்தம் கேட்டாலே விளக்கு அணைந்தது. ஜன்னல் சாத்தப்பட்டது. கார் என்னவோ முன்னைவிட அதிக நேரம் நிற்கத் தொடங்கியது. ஸ்ரீவத்சன் பழைய வேட்டியோடு வாசலில் உட்கார்ந்து, ஒன்றும் அறியாதவன்போலப் பேப்பர் படித்துப் பார்த்தான். அன்றைக்குக் கார் இரண்டு முறை வந்தது.

பத்து நாள் இப்படிப் போன பிறகு, ஒரு சாயங்காலம் ஹம்சினி தலையிலிருந்த பூவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணா, அவாளுக்கு இஷ்டம் இல்லைன்னா வேண்டாம்னு சொல்லிடட்டும். தினம் புடவையைக் கட்டிண்டு இருட்டுல உக்காந்திருக்கறதைவிட அது எவ்வளவோ மேல்."

 ஸ்ரீவத்சனுக்கு அதைத் தாங்க முடியவில்லை. வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை விளக்கை அணைக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு நேரே தெருவில் இறங்கினான்.

காரின் முன்மூடி திறந்திருந்தது. டிரைவர் காலி வாளியோடு இறங்கி, அவன் எதிரே வந்தார்.

"சார், இன்ஜின் சூடாய்ட்ச்சி. கொஞ்சம் தண்ணி குடுங்க."

"தண்ணி இருக்கட்டும். யாருய்யா நீ?"

"ஷாஹுல் ஹமீது சார். டிரைவரு."

"தினமும் எங்காத்து வாசல்ல உனக்கு என்ன வேலை? யார் அனுப்பி வேவு பார்க்கறே? சொல்லு! எங்காத்துப் பொண்ணு பத்து நாளா அழுதுண்டு இருக்கா!"

ஷாஹுல் ஹமீது வாளியைக் கீழே வைத்துவிட்டு, திரை போட்ட பின்சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வேவும் இல்ல ஒண்ணும் இல்ல சார், பொண்ணு பாக்க என்னிக்கி வர்றதா சொன்னாருன்னு எங்க ராமானுஜம் ஐயாவுக்கே மறந்து போச்சு, கேக்க வெக்கப்பட்டுக்கினு, உங்க வாசலப் பாத்தா தெரிஞ்சிடும்னு பத்து நாளா குடும்பத்தையே பட்டுப்பொடவையும் பழத்தட்டுமா ஏத்திக்கினு வர்றாரு, நீங்க இன்னாடான்னா காரப் பாத்தாலே வெளக்க அணைக்கிறீங்க!"